படம் பார்த்தும் புத்தகம் வாசித்தும் அழுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் மாதம் ஒருமுறை பதினைந்து, இருபது பேர் கூடுவோம். ஒரு மாதம் படம், மறுமாதம் புத்தகம். ஒன்பது வருடமாக நடக்கிறது. கீழே உள்ள கேள்விகளில் பாதி அங்கே எல்லோர் முன்னும் கேட்கப்பட்டவை. மீதி, ஆட்கள் போன பிறகு படலையடியில் நின்று மெதுவாகக் கேட்கப்பட்டவை. நான் உளவியல் படித்தவள் அல்ல, பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவள். எனக்குத் தெரிந்ததையும் இத்தனை வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

படம் பார்த்து அழுவது மனப்பலவீனமா?

இல்லை. இதைக் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் தொல்காப்பியத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன். அதன் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சிகள், சொல்லப்படுகின்றன: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. சிரிப்புக்கு அடுத்த இடத்தில் அழுகை இருக்கிறது. வீரத்தோடு சேர்ந்த பெருமிதத்துக்கும் முன்னால் இருக்கிறது. அதை யாரும் குறையாக எண்ணவில்லை.

அதற்கு உரையெழுதிய, பேராசிரியர் என்ற பெயராலேயே அறியப்படுகிற பழைய உரைகாரர் அழுகையை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, தனக்கு வந்த துன்பத்தால் அழுவது. மற்றது, பிறர் துன்பத்தைக் கண்டு அழுவது. இரண்டாவதற்குக் கருணை என்று பெயர். திரையில் யாரோ ஒரு தாய் பிள்ளையைத் தேடித் திரியும்போது உங்கள் கண் கலங்குகிறது என்றால் அது இந்த இரண்டாவது வகை. அதைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அழுகை பிறக்கிற காரணங்கள் நான்கு என்றும் தொல்காப்பியர் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு, பிறரால் இகழப்படுவது. இழவு, உயிரையோ பொருளையோ இழப்பது. அசைவு, முன்பு இருந்த நல்ல நிலை கெட்டுத் தளர்ந்துபோவது. வறுமை, ஆசைப்பட்டதை அனுபவிக்கக் கிடைக்காமல் ஏங்குவது. ஒரு படத்தில் எந்த இடத்தில் அழுதீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த இடம் அனேகமாக இந்த நான்கில் ஒன்றுக்குள் வரும்.

எனக்கு இதில் அசைவுதான் நம் ஊருக்கு மிக நெருங்கிய சொல்லாகப் படுகிறது. எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு மாமி, 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர். செம்மண் தோட்டமும் கிணறும் மாட்டுக் கொட்டிலும் விட்டுவிட்டு வந்து, முகாமில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர். படங்களில் சாவு வரும்போது அவர் அழமாட்டார். ஒருமுறை, ஒரு பெரியவர் தான் முன்பு முதலாளியாக இருந்த கடைக்கே வேலை கேட்டுப் போகிற காட்சி வந்தது. மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் காட்சியில் ஒரு துளி இரத்தம் கிடையாது, ஒரு பாட்டும் கிடையாது. 1885இல் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை, மெய்ப்பாட்டியல் அடங்கிய தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றியிராவிட்டால், அந்த அழுகைக்குச் சொல் தேடி நான் எங்கே போயிருப்பேன் என்று அன்று நினைத்தேன்.

கதை பொய் என்று தெரியும். பிறகு ஏன் அழுகை வருகிறது?

தத்துவம் படித்தவர்களும் இதற்குத் தலையை உடைத்திருக்கிறார்கள். 1975இல் கொலின் ராட்ஃபோர்ட் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர், இல்லாத ஒருவருக்காக நாம் வருந்துவது அறிவுக்குப் பொருந்தாத செயல், ஆனாலும் அப்படித்தான் வருந்துகிறோம் என்று வாதிட்டார். அவருக்கு மறுப்பு எழுதியவர்கள் பலர். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

நான் எளிமையாகப் பார்க்கிறேன். பாத்திரம்தான் கற்பனை. அது படுகிற பாடு கற்பனை இல்லை. பிள்ளையைப் பறிகொடுப்பது உலகத்தில் உள்ள விடயம். கடனுக்கு அஞ்சி ஒளிப்பதும் உள்ள விடயம். மனம் அழுவது அதற்கு.

முடிவு முன்பே தெரிந்தாலும் அழுகை குறைவதில்லை என்பதற்கு நம்மிடமே பெரிய சாட்சி இருக்கிறது. நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டம் ஆடிய காலத்தில், கோயில் வீதியில் பாய் விரித்து இருந்த சனத்தில் அந்தக் கதை தெரியாதவர் ஒருவரும் இல்லை. லோகிதாசனைப் பாம்பு கடிக்கும் என்று தெரியும். சந்திரமதி பிள்ளையைச் சுமந்து சுடலைக்கு வருவாள் என்று தெரியும். காவலுக்கு நிற்கிற அரிச்சந்திரன் தன் பிள்ளை என்று அறியாமலே கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்பான் என்றும் தெரியும். கடைசியில் பிள்ளை உயிரோடு எழும்புவான் என்பதும் தெரியும். இருந்தும் விடிய விடிய இருந்து அழுதார்கள். அடுத்த கோயில் திருவிழாவில் அதே நாடகம் போட்டபோது மறுபடியும் போனார்கள். என் அப்பா சைக்கிளில் மூன்று ஊர் தாண்டிப் போய்ப் பார்த்தவர்.

ஆம்பிளைப் பிள்ளை தியேட்டரில் அழலாமா?

அப்பா மயான காண்டம் பார்த்து அழுததை அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த தோட்டக்காரர்களும் சால்வையால் கண்ணைத் துடைத்தார்களாம். அங்கே யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அழலாம்.

அம்மா செத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வருடம் கழித்து ஒரு படத்தில் அழுதேன். எனக்கு ஏதும் கோளாறா?

இது படலையடிக் கேள்வி. கேட்டவர் ஒருவர் இல்லை, பலர்.

செத்தவீட்டில் பொறுப்பாக நிற்கிறவருக்கு அழ நேரம் கிடைப்பதில்லை. ஆட்களுக்குச் சொல்லவேண்டும். பந்தல் போடவேண்டும். ஐயரைப் பார்க்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து தம்பி வந்து இறங்கும் வரைக்கும் பெட்டியை வைத்திருக்கலாமா என்று முடிவெடுக்கவேண்டும். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போகிறதா என்றும் பார்க்கவேண்டும். பிறகு எட்டுச் செலவு, பிறகு 31ஆம் நாள் அந்தியேட்டி, கீரிமலை. எல்லாம் முடிந்து வீடு வெறுமையானபோது, 'இனி அழலாம்' என்று யாரும் வந்து சொல்வதில்லை. அதற்குள் வேலைக்கும் போகத் தொடங்கிவிடுவோம்.

பிறகு ஒருநாள் படத்தில் யாரோ ஒருத்தி சேலையை மடித்து அலுமாரிக்குள் வைக்கிறாள். அவ்வளவுதான், உள்ளே கட்டி வைத்திருந்தது எல்லாம் உடைகிறது. இருட்டு, பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்கிறார், யாரும் உங்களிடம் பொறுப்பு எதையும் எதிர்பார்க்கவில்லை. அழுகை வந்து சேர்வதற்கு ஏற்ற இடம் அது. அந்த அழுகை உங்கள் அம்மாவுக்குத்தான் போய்ச் சேர்கிறது. பிந்தி வந்ததால் அதன் பெறுமதி குறைவதில்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். செத்தவீடு என்ற ஒன்றே கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர்! ஓடுகிற வழியில் அவசரமாகப் புதைத்துவிட்டு, ஒப்பாரி சொல்லாமல் மறுபடியும் ஓடியவர்கள். ஆளே திரும்பி வராததால் திவசத்துக்கு ஒரு திதிகூடக் குறிக்க முடியாதவர்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து தெருவோரம் படங்களை வைத்துக்கொண்டு இருக்கத் தொடங்கிய தாய்மாரை எல்லோருக்கும் தெரியும். உடல் இல்லாத இடத்தில் அழுகையை எங்கே வைப்பது? கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்ல ஆட்கள் கூடாத வீட்டில், அது வருடக்கணக்காகப் பெருமூச்சாக மட்டும் வெளியே வரும். பிறகு யாரோ எழுதிய, எந்த ஊரிலோ நடக்கிற ஒரு கதை அதற்கு ஒரு திண்ணை போட்டுக் கொடுக்கிறது. கதைகள் நமக்குச் செய்கிற பெரிய உபகாரம் இதுதான் என்று நான் முழுதாக நம்புகிறேன்.

வெளிநாட்டில் இருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு ஃபோன் திரையில் அப்பாவின் கிரியைகளைப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்கு வேலைக்கு வெளிக்கிட்ட பிள்ளைகள் அவர்கள். மாதங்கள் கழித்து ரயிலில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுகிறார்கள். அவர்களுக்கும் இதுதான் பதில்.

அழுதால் மனப்பாரம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. நெதர்லாந்தில் ஆய்வாளர்கள் ஆட்களுக்குச் சோகப் படம் போட்டுக் காட்டி, பிறகு அவர்களின் மனநிலையைக் கேட்டுப் பார்த்தார்கள். 2015இல் அது வெளிவந்தது. அழுதவர்களின் மனநிலை படம் முடிந்த கையோடு கீழே போயிருந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடம் கழித்துப் பார்த்தபோது, படம் தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தது.

எங்கள் விறாந்தையில் நான் பார்ப்பதும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. படம் முடிந்த கையோடு 'இப்ப இலேசா இருக்கா?' என்று கேட்டால் ஒருவரும் ஓம் என்று சொல்லமாட்டார்கள். இரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடித்த பிறகு 'நல்லா இருக்கு' என்று செய்தி அனுப்புவார்கள். அதனால் அழுதவரைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதிலும் நிறையத் தங்கியிருக்கிறது. அழுகிறவரைச் சுற்றி நின்று பார்த்தாலோ சிரித்தாலோ அந்த அழுகை ஆற்றாது, வெட்கமாக மாறிவிடும்.

தொண்டைக்குள் ஏதோ அடைப்பதுபோல் வருகிறதே, அது என்ன?

உணர்ச்சி பொங்கும்போது உடம்பு நிறையக் காற்றை உள்ளே எடுக்கப் பார்க்கிறது. அதற்காகக் குரல்வளையின் வாய் அகலத் திறந்து நிற்கும். விழுங்கும்போது அதே வாய் மூடவேண்டும். திறக்கவும் மூடவும் ஒரே நேரத்தில் இழுபடுவதுதான் அந்தக் கட்டி. அழுகையை அடக்க அடக்க அது கூடும். ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள்.

எல்லோரும் அழுகிற இடத்தில் எனக்கு ஒன்றும் வருவதில்லை. நான் கல்நெஞ்சா?

இல்லை. சிலருக்கு அது கண்ணுக்கு வராது, நெஞ்சில் நிற்கும். சிலருக்கு மூன்று நாள் கழித்துக் கனவில் வரும். சிலருக்குச் சோகத்தில் வராமல், நல்லது நடக்கிற இடத்தில் வரும். ஏழைப் பிள்ளைக்கு யாரோ ஒருவர் சத்தமில்லாமல் பள்ளிக்கூடக் காசைக் கட்டிவிட்டுப் போகிற காட்சியில் நான் நொறுங்கிவிடுவேன். மரணப்படுக்கைக் காட்சிகள் என்னை அவ்வளவு அசைப்பதில்லை. சில படங்கள் வயலினை வைத்து அழச்சொல்லிக் கட்டாயப்படுத்தும். அப்படி வற்புறுத்துகிற படத்துக்கு அழாமல் இருப்பதில் ஒரு பிழையும் இல்லை.

போரைப் பற்றிய படங்களையும் புத்தகங்களையும் நாங்கள் கட்டாயம் பார்க்கவேண்டுமா, வாசிக்கவேண்டுமா?

கட்டாயம் இல்லை. இதில் நான் மிகக் கண்டிப்பாக இருக்கிறேன், ஏனென்றால் ஒருமுறை பிழை விட்டிருக்கிறேன். கூட்டம் தொடங்கிய இரண்டாம் வருடம், குண்டுவீச்சு வருகிற ஒரு வெளிநாட்டுப் படத்தை முன்கூட்டிச் சொல்லாமல் போட்டேன். ஒலிபெருக்கியையும் நன்றாகத் திறந்து வைத்திருந்தேன். ஹெலிகொப்டர் சத்தம் வந்ததும் ஒரு அண்ணை எழும்பிக் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டார். நான் போய்ப் பார்த்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. 'படம் தெரியுது தங்கச்சி, ஆனா சத்தம் படமில்லை' என்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு வருடம் வரவில்லை. அந்தப் பிழை என்னுடையது.

காது தனியாக நினைவு வைத்திருக்கிறது. கண்ணுக்கு இது திரை என்று தெரிந்தாலும், பங்கருக்குள் இருந்து கேட்ட சத்தம் காதுக்குச் சத்தம்தான். யாழ் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் விட்டுப்போன உளக்காயங்களைப் பற்றி நீண்டகாலம் எழுதியிருக்கிறார்கள். மனவடு என்ற சொல் இன்று நமக்குள் புழங்குவதற்கு அந்த எழுத்துகளும் காரணம். அந்த வடுவைக் கிளறவேண்டுமா, எப்போது கிளறுவது என்பதை வடு உள்ளவர்தான் முடிவு செய்யவேண்டும். 'வரலாறு தெரியவேண்டும்' என்று சொல்லி, அதை வாழ்ந்து முடித்த ஒருவரை இழுத்து வந்து இருத்துவது நியாயமில்லை.

பார்க்கத்தான் வேண்டும் என்று அவர்களே விரும்பினால், எங்கள் கூட்டத்தில் இப்போது இப்படிச் செய்கிறோம். என்ன காட்சி வரும், ஏறத்தாழ எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று முதலே சொல்லிவிடுவோம். பகலில்தான் போடுவோம். யன்னலைத் திறந்து வைப்போம். சத்தத்தைக் குறைப்போம். யார் எழும்பிப் போனாலும் யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது விதி. நடுக்கம் வந்தால் இரண்டு பாதத்தையும் சீமெந்துத் தரையில் நன்றாகப் பதித்து, கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லச் சொல்வோம்: கதிரை, பூச்சாடி, காலண்டர், செருப்பு, பூனை. கேட்கச் சின்ன விடயம்போல இருக்கும். இன்று இந்த வருடம், இந்த விறாந்தை என்று உடம்புக்குச் சொல்வதற்கு அது போதும்.

புத்தகத்தில் ஒரு வசதி, அதை எந்த நேரமும் மூடி வைக்கலாம். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் புத்தகத்தைத்தான் கொடுப்பேன்.

புத்தகமா படமா, எது ஆழமாகத் தாக்கும்?

ஆளைப் பொறுத்தது. ஆனாலும் எனக்குப் புத்தகம்தான். அதற்கு நான் வளர்ந்த காலம் காரணம். 1990இல் மின்சாரம் போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய், பஞ்சு, ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் வாசித்தேன். விளக்கு சின்னது என்பதால் முகத்தைப் பக்கத்துக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். அழுதால் கண்ணீர் நேரே எழுத்தின் மேல் விழும். புதுப் புத்தகம் வருவது அரிது, அதனால் ஒன்றையே பத்துப் பேர் சுற்றி வாசிப்போம். முன்பு வாசித்தவர் எந்த இடத்தில் கலங்கினார் என்பது தாள் நெளிந்திருப்பதில் தெரியும்.

படமும் இருந்தது. ஒழுங்கையில் காசு சேர்த்து டெக்கும் ரிவியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் விடியும்வரை மூன்று நாலு படம் போடுவார்கள். எண்ணெய் முடிந்து கதாநாயகி சாகக்கிடக்கிற இடத்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டால், முடிவு தெரியாமலே அழுதுகொண்டு வீட்டுக்குப் போவோம். சனத்தோடு சேர்ந்து அழுதது அங்கே. தனியாக அழுதது புத்தகத்தோடு. இரண்டும் வேண்டியிருந்தது.

புத்தகங்கள் ஒரு மனிதரை எவ்வளவு தூரம் தாக்கும் என்று இந்த ஊரில் கேட்டால், 1981ஐத்தான் சொல்வார்கள். மே 31 இரவு தொடங்கி யாழ் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள் போயின. பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அந்த நெருப்பைப் பார்த்த அதிர்ச்சியில் உயிர் விட்டார் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். எனக்கு அப்போது நாலு வயது, ஒன்றும் நினைவில்லை. அம்மம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், நூலகத்துக்குள் ஒருநாளும் போனதில்லை. அவரும் அன்று சமைக்கவில்லையாம். செத்தவீட்டில்தான் வீட்டு அடுப்பு எரியாது.

அம்மா ஒவ்வொரு இரவும் சீரியல் பார்த்து அழுகிறா. நிறுத்தவேண்டுமா?

நிறுத்தவேண்டாம், பக்கத்தில் இருங்கள். பகல் முழுக்கத் தனியாக இருக்கிற, பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற ஒரு தாய்க்கு, இரவு ஏழு மணிக்குத் தவறாமல் வீட்டுக்கு வருகிற குடும்பம் அந்தச் சீரியல்தான். மருமகள் படுகிற பாட்டைப் பற்றித் தொலைபேசியில் தங்கச்சியோடு அரை மணித்தியாலம் கதைக்கிறா என்றால், அந்தக் கதைக்குள் தன் கலியாணக் கதையும் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டுப் பாருங்கள். 'அந்த மருமகள் இப்ப என்ன செய்யலாம் அம்மா?' என்று நான் ஒருநாள் கேட்டேன். என் அம்மா 1974இல் தான் என்ன செய்திருக்கலாம் என்று ஒரு மணித்தியாலம் சொன்னா. நாற்பத்தைந்து வருடமாக நான் கேட்காத கதை அது.

சாப்பாடு, மருந்து, நித்திரை தவறினால் மட்டும் தலையிடுங்கள்.

எனக்குப் பிடித்த பாத்திரம் தொடரில் செத்துப்போய்விட்டது. இரண்டு கிழமையாக மனம் சரியில்லை. இது சரியா?

சரி. நாம் பார்க்கிற, ஆனால் நம்மைப் பார்க்காத ஒருவரோடு உறவு உண்டாகிறது என்பதை 1956இலேயே டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். ஒருபக்க உறவு. ஆனால் பழக்கம் பழக்கம்தான். நூறு இரவு உங்கள் அறைக்குள் கதைத்த குரல் ஒன்று நின்றுவிட்டால் வெறுமை இருக்காதா?

என் மாணவி ஒருத்தி, பதினாறு வயது, ஃபோனில் கொரியத் தொடர் பார்க்கிறவள். அதில் ஒரு அண்ணன் பாத்திரம் செத்ததற்கு இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் திட்டினார்கள். நான் அந்த அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச்சொன்னேன். நாலு பக்கம் எழுதினாள். மூன்றாம் பக்கத்திலிருந்து அது, அவள் பிறப்பதற்கு முன்பே இல்லாமல் போன சொந்த மாமாவுக்கான கடிதமாக மாறியிருந்தது. நான் ஒன்றும் திருத்தவில்லை, சிவப்புப் பேனையைக் கையில் எடுக்கவே இல்லை. அடுத்த நாள் அவள் அந்தக் கடிதத்தை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

சின்னப் பிள்ளை படம் பார்த்து அழுதால் என்ன சொல்வது?

'உது படம்தானே' என்று சொல்லாதீர்கள். நம் வீடுகளில் முதலில் வாயில் வருவது அதுதான். அதைக் கேட்கிற பிள்ளைக்கு, தான் பிழையாக ஏதோ செய்துவிட்டேன் என்றுதான் விளங்கும். மடியில் இருத்தி, 'நாய்க்குட்டி செத்தது உனக்குக் கவலையா இருக்கு, என்ன?' என்று அந்தக் கவலைக்குப் பெயர் சொல்லுங்கள். பிறகு அந்த நாய்க்குட்டியைக் கீறித் தரச் சொல்லலாம். ஆறு, ஏழு வயது வரைக்கும் கதைக்கும் நடப்புக்கும் இடையில் உள்ள கோடு பிள்ளைகளுக்கு உறுதியாக இருக்காது. அதனால் பேய்ப்படமும் இரத்தம் கொட்டுகிற படமும் அந்த வயதில் வேண்டாம், பெரியவர்கள் பார்க்கும்போது மூலையில் படுத்திருந்துகூடப் பார்க்கவேண்டாம்.

படம் முடிந்த பிறகு எப்படிக் கதைப்பது?

உடனே கதைக்கவேண்டாம். நாங்கள் பத்து நிமிடம் ஒன்றும் பேசுவதில்லை. லைட்டும் போடமாட்டோம். குசினியில் பிளேன்ரீ தயாராக இருக்கும், பனங்கட்டியோடு ஒருவர் கொண்டுவந்து கொடுப்பார். சூடான கோப்பை கையில் இருந்தால் ஆட்களுக்குப் பிடிமானம் வருகிறது.

பிறகு நான் கேட்பது ஒரே கேள்வி: 'எந்த இடம்?' ஏன் அழுதாய் என்று கேட்பதில்லை. ஏன் என்று கேட்டால் ஆள் தன்னை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார். எந்த இடம் என்று கேட்டால் காட்சியைச் சொல்வார், அதற்குப் பின்னால் சொல்ல விரும்புவது இருந்தால் அதுவும் வரும். விரும்பாவிட்டால் காட்சியோடு நிற்கும். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் புத்தி சொல்லக்கூடாது. விறாந்தையில் கேட்டதைச் சந்தையில் கதைக்கக்கூடாது. இந்த ஊர் சின்னது.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

ஒரு படமோ புத்தகமோ கிளறிய பிறகு நித்திரை இல்லாமல் போய், பழைய காட்சிகள் இப்போது நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வந்து, அது வாரக்கணக்காக நீடித்தால் போங்கள். சாப்பிட, வேலைக்குப் போக முடியாவிட்டாலும் போங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைவு வந்தால் ஒரு நாளும் காத்திருக்கவேண்டாம். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல உதவித் தொலைபேசி. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் கூட்டத்திலிருந்து இருவரோடு நான் போய் வெளியே வாங்கில் இருந்திருக்கிறேன். இருவரும் இப்போதும் படம் பார்க்க வருகிறார்கள்.

என்னை உலுக்கிய புத்தகத்தைத் திரும்ப வாசிக்கலாமா? அந்த உணர்ச்சி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

வாசியுங்கள். உணர்ச்சி போகாது, இடம் மாறும். பதினாலு வயதில் ஜாம் போத்தல் விளக்கில் நான் வாசித்த ஒரு நாவலில், படிக்க ஆசைப்பட்ட மகளை ஒரு கமக்காரத் தகப்பன் மறிப்பார். அன்று மகளுக்காக அழுதேன், தகப்பனை வெறுத்தேன். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தைவிட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது, அப்பா சைக்கிள் கரியரில் கட்டிய பையில் அந்தப் புத்தகமும் வந்தது. முப்பது வயதில் வாசித்தபோது, இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் பேசாமல் அடுப்பூதிக்கொண்டிருக்கிற தாயை முதல்முறை கண்டேன். போன வருடம், அப்பா போன பிறகு, மறுபடியும் எடுத்தேன். மகள் பஸ் ஏறிப் போன பின்பு தகப்பன் அவளுடைய பழைய கொப்பியில் எழுதாத தாள்களை எண்ணுகிற ஒரு வரி இருக்கிறது. இரண்டு முறையும் அதை எப்படித் தாண்டிப் போனேன் என்று தெரியவில்லை. அன்று அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

வாசித்து முடிக்கிற ஒவ்வொரு முறையும் பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் திகதியை எழுதி வைக்கிறேன். அந்தப் பிரதியில் இப்போது மூன்று திகதிகள் இருக்கின்றன. நாலாவதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.